ஊதா மொட்டும் ஓட்டை உருளியும்

ஏப்ரல் 27 காலை ஆறே காலுக்கு மாடியில் மல்லி பறித்து, சமையலறைத் தராசில் கொட்டினேன். 96 கிராம் காட்டியது. நம்பாமல் எண்ணியும் பார்த்தேன். 412 மொட்டு, ஒன்றிலும் ஓட்டை இல்லை. புழு விழுந்து ஊதா படிந்தவை 31, அவற்றைத் தனியே சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டிருந்தேன். மதுரையில் 96 கிராம் மல்லியைப் பெருமையாகச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கடந்த மூன்று கோடைகளாக என் மாடியில் பறித்த மொட்டுகளில் பாதிக்கு மேல் புழுவுக்குத்தான் போனது. அதனால் எனக்கு அது பெரிய கணக்கு.

அன்று மாலை எங்கள் வீட்டில் தங்கை மகளுக்கு வளைகாப்பு. அலங்காரத்துக்கு ஆள் வைத்தால் 12,000 ரூபாய் என்றார்கள். மாடியில் பூச்செடிகள் இருக்கின்றன, பழைய சாமான் வாங்கும் பைத்தியம் எனக்கு இருக்கிறது, இரண்டையும் வைத்து நானே செய்துவிடுகிறேன் என்று டிசம்பரிலேயே வாயை விட்டுவிட்டேன். அதன் பிறகு நாலரை மாதம் நடந்ததை, கையில் இருக்கும் நோட்டைப் பார்த்து வரிசையாக எழுதுகிறேன்.

மாடியில் இருப்பவை: 20 லிட்டர் பெயிண்ட் வாளிகளில் ஆறு குண்டுமல்லி, பதினான்கு அங்குல சிமெண்ட் தொட்டிகளில் ஐந்து செம்பருத்தி, இரண்டு நந்தியாவட்டை. மல்லி நாற்றுகள் தங்கச்சிமடத்திலிருந்து வந்தவை. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013-இல்; ஆனால் நாற்றுக்கு இன்றும் ராமேசுவரம் போகும் வழியிலுள்ள அந்த மணல் ஊரைத்தான் தேடிப் போகிறார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் ஆறு செடிகளையும் மண்ணிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்தேன். இலையெல்லாம் உருவி, ஆளுக்கு இரண்டு கை மட்கிய சாணம் போட்டேன். மொட்டையாக நின்ற வாளிகளைப் பார்த்து மாமியார், "வளைகாப்புக்கு வைத்திருக்கிறாயா, காரியத்துக்கா?" என்று கேட்டார்.

சிக்கல் மல்லியில் தொடங்கவில்லை, செம்பருத்தியில் தொடங்கியது. ஜனவரியில் ஒரு நர்சரியில் ஆரஞ்சு நிற அடுக்குச் செம்பருத்தி ஒன்றை 180 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வாங்கிய செடியைப் பத்து நாளாவது தனியாக வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நேராகக் கொண்டுபோய் மற்ற ஐந்தோடு வரிசையில் வைத்தேன், நிறம் பொருத்தமாக இருந்தது என்பதற்காக. இரண்டே வாரத்தில் எல்லாச் செடிகளின் நுனிக் கொழுந்திலும் வெள்ளை மாவு. மாவுப்பூச்சி, சிலர் கள்ளிப்பூச்சி என்பார்கள். இலை சுருண்டு, மொட்டு பிஞ்சிலேயே உதிர்ந்து, கீழே இலைகளில் பிசுபிசுவென்று தேன் போல ஒட்டியது. அதன்மேல் கறுப்புப் பூஞ்சை. பூஞ்சையின் நடுவே எறும்பு ஊர்வலம்.

முதல் முயற்சி பழைய பல்துலக்கும் பிரஷ். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் காதி சோப்பைச் சீவிக் கரைத்து, கொழுந்து கொழுந்தாகத் தேய்த்தேன். ஆறு செடிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பத்தாம் நாள் பழைய நிலைமை. கணுக்களின் இடுக்கிலும் தொட்டியின் விளிம்புக்கு அடியிலும் இருந்ததை நான் பார்க்கவில்லை.

இரண்டாவது முயற்சி என் முட்டாள்தனம். வேப்பெண்ணெய் 3 சதவீதம் அடிக்கலாம் என்று எங்கோ படித்தது நினைவில் இருந்தது. ஒரு லிட்டருக்கு 30 மில்லி அளந்து ஊற்றினேன். சோப்பைக் கரைத்து முதலில் எண்ணெயோடு கலக்க வேண்டும், பிறகுதான் தண்ணீர் சேர்க்க வேண்டும். நான் தண்ணீரில் எண்ணெயை ஊற்றிக் கடைசியில் சோப்பைப் போட்டேன். எண்ணெய் மேலே மிதந்தது. தெளிப்பான் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதல் மூன்று செடிக்கு வெறும் தண்ணீர், கடைசி மூன்றுக்கு ஏறக்குறைய தனி எண்ணெய். அதையும் செய்தது பகல் பதினொரு மணி வெயிலில். மூன்று நாளில் அந்தக் கடைசி மூன்று செடிகளும் இலை விளிம்பு கருகி, கூடை கூடையாக உதிர்த்தன. அடுக்குச் செம்பருத்தி அதிலிருந்து மீளவே இல்லை. 180 ரூபாய் போனது. கொண்டு வந்த நோயை இங்கேயே விட்டுவிட்டு அது போனது என்பதுதான் வருத்தம். இப்போது நான் அடிப்பதானால் லிட்டருக்கு 5 மில்லி, மாலை ஐந்து மணிக்கு மேல், முதலில் ஒரு செடியின் ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பார்த்த பிறகுதான் மற்றவற்றுக்கு.

இந்த நிலையில்தான் பிப்ரவரி முதல் வாரம் காரைக்குடி போனேன். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகப் போகும் பஸ். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பங்கு பிரிந்த, இடிபட்ட செட்டிநாட்டு வீடுகளின் சாமான்கள் அங்கேதான் வந்து சேர்கின்றன. தூண், நிலை, ரவிவர்மா படம், மங்கு என்கிற பீங்கான் சாமான், எனாமல் தூக்குச்சட்டி, யாரோ ஒருவருடைய கல்யாணத்துத் தட்டு. கிட்டங்கி போன்ற ஒரு கடையில் உள்ளே போனால் வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆகும். விலை உயர்ந்தவை வாசலில் துடைத்து வைக்கப்பட்டிருக்கும். என் போன்றவர்கள் பின்கட்டில், மூக்கும் விளிம்பும் உடைந்தவை குவிந்திருக்கும் மூலைக்குப் போக வேண்டும்.

அங்கே எடுத்தவை: விளிம்பு பெயர்ந்த எனாமல் தட்டுகள் 12, ஒன்று 70 ரூபாய். இரண்டின் அடியில் ஸ்வீடன் முத்திரை இருந்தது. வெளிநாட்டில் வணிகம் செய்த வீடுகளில் இவை கட்டுக்கட்டாக வந்து இறங்கியவை. அடியில் ஓட்டை விழுந்த பித்தளை உருளி ஒன்று, பதினாறு அங்குல விட்டம், பேரம் பேசி 1,900. கோலி சோடா பாட்டில்கள் எட்டு, ஒன்று 60. அரிக்கேன் விளக்கு இரண்டு, ஒன்று 350. கடைசியாக ஒரு தேக்கு ஜன்னல் சட்டம், மூன்றடிக்கு இரண்டடி, கம்பியில்லாமல், 2,200. "ஆச்சி, ஓட்டை உருளியை வைத்து என்ன செய்வீர்கள்?" என்று கடைக்காரர் கேட்டார். தண்ணீர் ஊற்றுவேன் என்றேன். ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, தினத்தாளில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். பஸ் செலவு 200 சேர்த்து அன்றைய கணக்கு 6,320.

தட்டுகளை வாங்கியது பூ அடுக்க. ஆனால் அவை முதலில் போனது செம்பருத்திக்கு அடியில்.

யோசனை என்னுடையது அல்ல. எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் பெண் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் படிக்கிறாள். துணி உலர்த்த வந்தவள், நான் பிரஷும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "அத்தை, பூச்சியை விடுங்கள், எறும்பை முதலில் நிறுத்துங்கள்" என்றாள். மாவுப்பூச்சி கழிக்கும் அந்தத் தேன்தான் எறும்புக்குச் சோறு. சோறு போடும் மாட்டை எறும்பு சும்மா விடுமா? பூச்சியைத் தின்ன வரும் வண்டுகளையும் குளவிகளையும் கடித்துத் துரத்தும். அதனால் நான் எத்தனை முறை தேய்த்தாலும் ஆகாது.

ஐந்து தொட்டிகளையும் தலா மூன்று செங்கல் துண்டின்மேல் ஏற்றினேன். செங்கல் துண்டுகள் எனாமல் தட்டுக்குள், தட்டில் இரண்டு விரல் தண்ணீர். அகழி. தொட்டி சுவரையோ பக்கத்துச் செடியின் இலையையோ தொடக்கூடாது. ஒரே ஒரு இலை தொட்டாலும் அது பாலமாகிவிடும். மூன்றாம் நாள் ஒரு செடியில் மட்டும் எறும்பு எப்படி ஏறுகிறது என்று அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். துணிக்கொடியில் தொங்கிய என் கணவரின் வேட்டி முனை கிளையில் உரசிக்கொண்டிருந்தது. தண்டின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வேசலினும் தடவினேன். அது வெயிலில் உருகி வழிவதால் வாரம் ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். அதைவிடத் தண்டில் முதலில் ஒரு துண்டு ஒட்டும் டேப் சுற்றி அதன்மேல் தடவுவது நல்லது. நேராகத் தடவிய செடி ஒன்றில் பட்டை கறுத்துவிட்டது.

தட்டில் தண்ணீர் நின்றால் கொசு வரும். கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். எனவே நாலு நாளைக்கு ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்து, புதுத் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டேன். சோப்பு விட்ட தண்ணீரில் எறும்பு மிதக்காமல் மூழ்கிவிடுகிறது என்பது கூடுதல் லாபம். எனாமல் தட்டு துருப்பிடிப்பதில்லை என்று நினைத்திருந்தேன். பெயர்ந்த விளிம்பில் பிடித்தது.

எறும்பு நின்றது. அடுத்த வாரம், பிப்ரவரி 20 என்று குறித்திருக்கிறேன், இரண்டு செடிகளில் பெரிய மாவுப்பூச்சிகள் தோன்றின. வழக்கமானவை எள்ளளவு, மிஞ்சினால் அரிசியில் பாதி. இவை கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர், உடம்பெல்லாம் நீள நீளமான வெள்ளைக் குஞ்சம். எண்ணெயிலும் சோப்பிலும் தப்பியவை கொழுத்து இப்படி ஆகிவிட்டன என்று எனக்குள் ஒரு விளக்கம் கொடுத்துக்கொண்டு, பிரஷை எடுத்து ஒவ்வொன்றாக நசுக்கினேன். இருபது இருக்கும். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மாலையில் மேல்மாடிப் பெண்ணிடம் அந்தப் பெருமையோடு காட்டினேன். மிச்சமிருந்த ஒன்றைப் புல் நுனியால் தொட்டாள். அது விறுவிறுவென்று ஓடியது. "அத்தை, மாவுப்பூச்சி இப்படி ஓடாது. இது அதைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சு." கிரிப்டோலேமஸ் என்று பெயர் சொன்னாள். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டாம். வளர்ந்ததும் கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, கறுப்பு முதுகும் செங்கல் நிறத் தலையுமாக இருக்கும். குஞ்சாக இருக்கும்போது மட்டும் இரையைப் போலவே வெள்ளை மாவு பூசிக்கொண்டிருக்கும். நான் எறும்பை நிறுத்தியதால்தான் அது வந்து முட்டையிட்டிருக்கிறது. வந்த விருந்தாளியை வாசலிலேயே அடித்துக் கொன்றிருக்கிறேன்.

அந்தப் பெண் என்னைத் தேற்றத்தான் பப்பாளிக் கதையைச் சொன்னாள். அதில் பாதி எனக்கே தெரியும். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் கண்ட பப்பாளி மாவுப்பூச்சி, இரண்டே ஆண்டில் தமிழ்நாடெங்கும் பரவி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி எதையும் விடவில்லை. எங்கள் அப்பா தோட்டத்திலும் பப்பாளி மரங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல நின்றன. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுள்ள ஒரு குளவியை வரவழைத்து விட்டார்கள், அடங்கியது. அப்பா கடைசிவரை தன் மருந்தால்தான் போயிற்று என்று நம்பினார். நானும் அவர் மகள்தான்.

மிச்சம் ஏழு குஞ்சுகள் இருந்தன. செம்பருத்திப் பக்கம் சோப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் அன்றோடு நிறுத்தினேன். சும்மா இருப்பதுதான் மிகக் கடினமான வேலை. தினமும் காலையில் பிரஷைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைப்பேன். மார்ச் 15 வாக்கில் கொழுந்துகளில் வெள்ளை குறைந்தது. மார்ச் கடைசியில் ஒற்றைச் சிவப்பு முதல் பூ விட்டது. இன்றைக்கும் பூச்சி அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன். அங்கங்கே ஒரு கணுவில் இருக்கிறது, வண்டும் இருக்கிறது. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி மல்லி. மார்ச் முதல் வாரத்தில் மொட்டுக் கட்டியது. எட்டாம் தேதி பறித்தபோது 212 மொட்டில் 139 ஊதா. முந்தைய ஆண்டுகளில் இதை வெயில் என்றும், இரும்புச் சத்துக் குறைவு என்றும் நினைத்து, துருப்பிடித்த ஆணியைக்கூடத் தொட்டியில் புதைத்திருக்கிறேன். இந்த முறை மொட்டு ஒன்றைக் குண்டூசியால் பிளந்தேன். உள்ளே கறுப்புத் தலையோடு மெல்லிய பச்சைப் புழு, பூவின் நடுவைத் தின்று முடித்துவிட்டு இருந்தது. மொட்டுப்புழு. அந்துப்பூச்சி மொட்டின் மேல் முட்டையிடும், புழு வட்டமாகத் துளைத்து உள்ளே போகும், ஒரு மொட்டு முடிந்ததும் அடுத்ததற்கு மாறும். பக்கத்து மொட்டுகளை நூலால் சேர்த்துக் கட்டியும் வைக்கும். ஊதா நிறம் செடியின் கோபம்.

ஒளிப்பொறி வைக்கலாம் என்று அரிக்கேன் விளக்கில் ஒன்றை எடுத்தேன். மண்ணெண்ணெய் கிடைப்பது பெரிய பாடு, ஆகவே உள்ளே எல்.இ.டி பல்ப் ஒன்றைப் பொருத்தி, கீழே சோப்புத் தண்ணீர்த் தட்டு. மஞ்சள் பல்ப்புக்கு எதுவும் வரவில்லை. வெள்ளை பல்ப்புக்கு எல்லாம் வந்தது. ஒரு கோடை மழைக்குப் பிறகு தட்டு முழுக்க ஈசல் மட்டுமே. எட்டு இரவுகளில் எனக்கு வேண்டிய அந்து ஒன்பதோ பத்தோதான். விளக்கைச் செடிக்குப் பக்கத்திலேயே வைத்ததால், பூச்சிகளுக்கு நானே வழிகாட்டி நிறுத்தியதுபோல ஆகிவிட்டது. எடுத்துவிட்டேன்.

வேலை செய்தது இரண்டு. ஒன்று, தினமும் காலையில் ஊதா மொட்டு அத்தனையையும் பறித்து சோப்புத் தண்ணீரில் போடுவது. செடியின் அடியில் ஒன்றுகூட விழ விடக்கூடாது. மற்றொன்று, வேப்பங்கொட்டைக் கரைசல். லிட்டருக்கு 50 கிராம். கிலோ 80 ரூபாய்க்கு வாங்கிய கொட்டையை ஓடு நீக்கி, பருப்பை மட்டும் கொரகொரப்பாக இடித்து, மல் துணியில் மூட்டையாகக் கட்டி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். காலையில் மூட்டையைப் பிழியப் பிழியப் பால் வரும். அது தெளியும் வரை பிழிந்து, வடிகட்டி, 5 கிராம் காதி சோப்பு சேர்த்து அன்றைக்கே மாலையில் அடித்துவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் வீரியம் போய்விடும். துணியில் வடித்தும் தெளிப்பானின் மூக்கு மூன்று முறை அடைத்துக்கொண்டது. நைலான் சாக்ஸில் இரண்டாவது முறை வடித்த பிறகு அடைக்கவில்லை.

முதல் முறை இடிக்கச் சோம்பல்பட்டு மிக்ஸியில் அரைத்தேன். சின்ன ஜாடிதான், கழுவிவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். பதினைந்து நாள் எங்கள் வீட்டுத் தேங்காய்ச் சட்னி கசந்தது. கல் உப்புப் போட்டு ஓட்டினேன், வினிகர் விட்டேன், வெயிலில் வைத்தேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டார். அந்த மௌனத்துக்கு அஞ்சித்தான் அடுத்தடுத்த முறைகளில் கொல்லைப்புற உரலைப் பிடித்தேன்.

ஐந்து நாள் இடைவெளியில் ஆறு முறை அடித்தேன். நோட்டில் உள்ளபடி: மார்ச் 8-இல் நூற்றுக்கு 66 ஊதா, 20-இல் 41, ஏப்ரல் 2-இல் 18, ஏப்ரல் 27-இல் 7. கடைசித் தெளிப்பு விசேஷத்துக்கு எட்டு நாள் முன்னால். பூவில் வேம்பு வாடை இருக்கக்கூடாது, கர்ப்பிணியின் தலைக்குப் போகும் பூ.

இதற்கு நடுவே உருளி. தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் அடியில் ஓட்டை ஒன்று, அதிலிருந்து பிரியும் மயிரிழை விரிசல் ஒன்று. பாத்திரக்காரர் பற்றவைக்க 350 கேட்டார். நியாயமான கூலிதான். நான் 50 ரூபாய்க்கு எம்-சீல் வாங்கி, வெளிப்பக்கம் மட்டும் அப்பி, இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் ஊற்றினேன். சொட்டியது. பெயர்த்து எடுத்தபோது காரணம் தெரிந்தது: பித்தளையின் பச்சைக் களிம்பின் மேலேயே அப்பியிருக்கிறேன், பிடிப்பு எங்கிருந்து வரும்? 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் உள்ளும் வெளியும் ஓட்டையைச் சுற்றி இரண்டு அங்குலம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, இருபுறமும் அப்பி, ஒரு முழு நாள் விட்டேன். நின்றது. அதன் பிறகே புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினேன். முதலில் துலக்கிவிட்டு ஒட்டினால் புளியின் ஈரம் விரிசலுக்குள் தங்கிவிடும். இனி அந்த உருளியில் சமைக்க முடியாது. பூவுக்குத்தானே வாங்கியது.

ஜன்னல் சட்டம் தனிக் கதை. கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். நாலாம் நாள் தரையில் மஞ்சள் மாவு. தேக்கில் உளு வராது என்று யாரும் சொல்லாதீர்கள். வைரம் பாய்ந்த பகுதியில் வரவில்லை, ஓரத்து வெள்ளைக்கட்டையில் வந்திருந்தது. எண்ணியதில் 43 துளை. மாடியில் போட்ட சண்டை போதாது என்று நானே ஒரு பூச்சியைச் சுமந்து வந்து வீட்டுக்குள் குடிவைத்திருக்கிறேன், 2,200 ரூபாய் கொடுத்து. சட்டத்தை உடனே மாடிக்கு ஏற்றி, ஊசி போடும் சிரிஞ்சில் கறையான் மருந்தை எடுத்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, துளை துளையாக ஏற்றினேன். ஒரு துளையில் ஏற்றினால் நாலு அங்குலம் தள்ளி இன்னொன்றில் பீறிட்டது. உள்ளே எத்தனை தெருக்கள் இருந்தனவோ. பத்து நாள் விட்டு இன்னொரு முறை ஏற்றி, மெழுகுவத்தியை உருக்கித் துளைகளை அடைத்தேன். அதன் பிறகு மாவு கொட்டவில்லை. இனிமேல் பழைய மரம் வாங்கினால் கடையிலேயே கறுப்புத் துணியின்மேல் வைத்து நாலு தட்டுத் தட்டிப் பார்ப்பேன்.

விசேஷத்தன்று அலங்காரம் மூன்று மணிக்குத் தொடங்கியது. மாடி மல்லியை மட்டும் வைத்துக் கூடத்தை அலங்கரிக்க முடியாது என்பதை முந்தைய நாளே ஒப்புக்கொண்டு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போயிருந்தேன். சித்திரையில் மல்லி விலையைக் கேட்கக் கூடாது, கேட்டுவிட்டேன், கிலோ 900. ஒரு கிலோ மல்லி, இரண்டு கிலோ செண்டுப்பூ, ஐந்து கட்டு மரிக்கொழுந்து, மொத்தம் 1,160. நர்சரிச் செடியையும் கவாத்தையும் விட்டுவிட்டால், எண்ணெய், கொட்டை, சோப்பு, தெளிப்பான், கறையான் மருந்து, எம்-சீல் சில்லறை எல்லாம் 810. காரைக்குடிக் கணக்கையும் சேர்த்தால் 8,290. அலங்காரக்காரரை வைத்திருந்தால் நாலு மாதம் நிம்மதியாக இருந்திருக்கலாம் என்று கணவர் சொன்னார். 3,700 மிச்சம் என்றேன்.

ஜன்னல் சட்டத்தை நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி, கம்பியில்லாத இடத்தில் செண்டுப்பூச் சரங்களை நெடுக்காகத் தொங்கவிட்டேன். சரம் வாழைநாரில் கட்டியது. நூலில் கட்டினால் பூவின் எடையில் இழுபட்டுக் கீழே கூடிவிடும். இது நன்றாக வந்தது, அன்று எடுத்த படங்களில் எல்லாம் அதுதான் இருக்கிறது. கோலி சோடா பாட்டில்கள் சொதப்பின. நீண்ட காம்பு ரோஜாவை எட்டிலும் வைப்பதாகத் திட்டம். பாட்டிலின் கழுத்து நடுவே இறுகியிருக்கும், கோலி அங்கேதான் உட்கார்ந்திருக்கும் என்பதை, சின்ன வயதில் அத்தனை சோடா குடித்தும் நான் யோசிக்கவில்லை. ரோஜாக் காம்பு கோலியில் முட்டி நின்றது, தண்ணீரை எட்டவில்லை. மெல்லிய மரிக்கொழுந்துக் காம்புகள் மட்டும் கோலியை ஒதுக்கிக்கொண்டு இறங்கின. எட்டு பாட்டிலிலும் மரிக்கொழுந்து. மணமாகத்தான் இருந்தது.

செம்பருத்தி ஒருநாள் பூ, மாலையில் சுருண்டுவிடும். காலையில் விரியத் தொடங்கும்போதே பதினோரு பூக்களைப் பறித்து, எவர்சில்வர் டப்பாவில் மூடி, பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். நாலு மணிக்கு எடுத்து உருளியில் மிதக்கவிட்டேன். இரவு ஒன்பது வரை விரிந்தே இருந்தன. இரண்டில் மட்டும் ஓரம் கண்ணாடிபோல ஆகிவிட்டது, அவை டப்பாவின் சுவரை ஒட்டியிருந்தவை. அடுத்த முறை அடியிலும் ஓரத்திலும் துணி போட வேண்டும். உருளிக்கு இருபக்கமும் அரிக்கேன் விளக்குகள், ஈசலுக்கு வேலை செய்யாத அதே மஞ்சள் பல்ப்போடு.

என் 412 மொட்டையும் நானே நெருக்கமாகத் தொடுத்தேன். ஒன்றேகால் முழம் வந்தது. அது பெண்ணின் தலைக்கு மட்டும். "பெரியம்மா, இதில் புழு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்துக்கொண்டாள்.

எனாமல் தட்டுகளில், செம்பருத்திக்கு அடியில் இருந்த ஐந்தையும் எடுத்துத் தேய்த்துக் கழுவி, பன்னிரண்டிலும் வளையலும் பூவும் அடுக்கி வைத்தோம். விசேஷம் முடிந்து எல்லாரும் போனபின் எண்ணினால் பதினொன்று. யாரோ புளியோதரையை அதில் வைத்து, இலையால் மூடி, வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எந்தத் தட்டு என்று பார்த்தேன். துருப்பிடித்த விளிம்புள்ளது, இரண்டரை மாதம் சோப்புத் தண்ணீரும் எறும்பும் கொசுப்புழுவுமாக இருந்தது. யாரிடம் போயிருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. திருப்பிக் கேட்கவும் முடியாது, அதில் என்ன இருந்தது என்று சொல்லவும் முடியாது.

மற்ற ஏழில் ஒன்றை எடுத்து அந்தத் தொட்டிக்கு வைத்திருக்கலாம். களைப்பில் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். இன்று காலை அந்த ஒரு செம்பருத்தியில் மட்டும் எறும்பு ஏறிக்கொண்டிருக்கிறது.